இடது பக்கம் முழுக்கப் பட்டி

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டர் போன் செய்தார். அவருக்குப் பழைய வண்டிப் பைத்தியம். ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறார். அதே வகையில் இன்னொன்று விலைக்கு வந்திருக்கிறதாம். இரண்டு கதவு வண்டி, அறுபது வயசுக்கு மேல். உலகத்திலேயே முப்பதுக்குள்தான் மிச்சம் என்கிறார். ஓடாது. வாங்குகிறவர்தான் சரிசெய்து ஓட்டிக்கொள்ள வேண்டும்.

"நீங்க போய் தட்டிப் பாத்து சொல்லுங்க சார். உடம்பு தகரமா இருந்தா முழுசா சரிபண்ணி ரோட்டுல விடறேன். பட்டியா இருந்தா எஞ்சினை மட்டும் கழட்டிக்கிட்டு மிச்சத்தை வெட்டிப் போட்டுடறேன். எல்லாம் உங்க வார்த்தைதான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருடம் டிங்கரிங் பட்டறை. ஏழு வருடமாகப் பார்த்துச் சொல்கிற வேலை மட்டும். விரலை மடக்கித் தட்டுவேன். தகரம் என்றால் கணீர். ஓட்டையைப் பட்டி என்கிற பசையை வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தால் சத்தம் செத்திருக்கும். அவ்வளவுதான் என் வித்தை. பட்டியில் ஒட்டாது என்று காந்தத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். முதுகுக்குப் பின்னால் என்னை ‘டொக்டொக்’ என்று சொல்கிறார்கள் என்பதும் தெரியும். சொல்லிக்கொள்ளட்டும்.

சாப்பிடும்போது என் மனைவி ஏதோ கேட்டாள். மூன்று தடவை ‘என்ன, என்ன’ என்றேன். வர வர இவளுக்கு வாயைத் திறந்து பேசவே வருவதில்லை.

மார்ச் 5, வியாழன்

வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லை. ஏனென்று தெரியவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

விற்பது ஒரு மருந்துக்கடைக்கார அம்மா. வண்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். பேச்சு போய்விட்டது, வலது கையும் காலும் வராது. படியேற முடியாத மனிதருக்காக லிஃப்ட் இருக்கிற வீட்டுக்கு மாறுகிறார்கள். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. அண்ணன், வண்டி நிற்கிற கொட்டகை வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முறையாகத்தான் பார்த்தேன். வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்று. எஞ்சினைக் கையால் சுற்றினேன், சுற்றியது. டிரைவர் பக்கத் தரை துருப்பிடித்து உதிர்கிறது. அது பெரிய விஷயமில்லை. சீட்டை எலி தின்றிருக்கிறது. கழற்றிய ஒவ்வொரு திருகையும் அந்த அண்ணன், தங்கை கடையின் காலி மாத்திரை டப்பாக்களில் போட்டு, எங்கே கழற்றியது என்று எழுதி ஒட்டி அடுக்கியிருக்கிறார். இந்த மாதிரி ஆளை நான் பார்த்ததே இல்லை.

வலது பக்கம் முழுக்கக் கணீர். இடது பக்கம் சுவரோரமாக நிற்கிறது. ஓர் ஆள் தோளை ஒடுக்கி நுழைகிற இடம்தான், உள்ளே போனால் திரும்பவே முடியாது. முன்பக்கமாக நுழைந்தேன். வண்டி என் இடது தோளில் உரச, தட்டிக்கொண்டே பின்பக்கம் வரை போனேன். மட்கார்டு, கதவு, பின் சக்கரத்து மேல் வளைவு — எங்கே தட்டினாலும் செத்த சத்தம்.

"இந்தப் பக்கம் முழுக்கப் பட்டிம்மா" என்றேன்.

அண்ணன் இடது கையால் நாற்காலியை ஓங்கி அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார்.

"இல்லைங்கிறார்" என்றார் அந்த அம்மா. "இந்த வண்டில ஒரு இடத்துலயும் பட்டி கிடையாதுன்னு எத்தனையோ தடவ சத்தியம் பண்ணியிருக்கார்."

"எல்லா வண்டிக்காரங்களும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மா வாசல்வரை வந்தார். "ஓடணும்னுகூட இல்லீங்க. வெட்டாம எடுத்துக்கிட்டா போதும். அவர் எதிர்லயே வெட்டினா தாங்க மாட்டார்."

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பட்டி இப்படி ஒரே சீராக இருக்காது. எங்காவது ஓரத்தில் கொஞ்சம் தகரம் ஒலிக்கும். இங்கே ஓர் இடத்தில்கூட இல்லை.

மார்ச் 6, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘இடது பக்கம் முழுக்கப் பட்டி. சரிசெய்வது வீண்.’ பல் டாக்டர் இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கேஸ் கட்டர் ஆளை அனுப்பி, அங்கேயே வெட்டி எடுத்துக்கொள்வாராம்.

மார்ச் 7, சனி

அந்த மனிதர் நாற்காலியை அடித்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கோபம்தானே? கோபமாகத்தான் இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

எழுத்து கோழி கிளறின மாதிரி வருகிறது.

இவளுடைய கண்ணாடிக் கூடு பீரோவுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் நுழைந்தேன். பழக்க தோஷம், போகிற போக்கில் பீரோவைத் தட்டினேன். செத்த சத்தம். கீழே தட்டினேன். அங்கேயும் அப்படித்தான்.

பீரோவுக்கு எவன் பட்டி வைப்பான்?

வெளியே வந்து, வலது தோள் பீரோவில் படுகிற மாதிரி மறுபடி நுழைந்து தட்டினேன். கணீர் என்றது. திரும்பவும் இடது. திரும்பவும் வலது. இவள் வந்து, "என்னங்க, பீரோகிட்ட என்ன வம்பு?" என்றாள். அவள் என் வலது பக்கம் நின்றிருந்தாள். தெளிவாகக் கேட்டது.

பட்டி வண்டியில் இல்லை. ஐயோ.

மார்ச் 9, திங்கள்

இவளுக்குத் தெரிந்திருக்கிறது! ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் இடம் மாறி உட்கார்ந்தாளே, ஃபேன் காற்றுக்காக என்று நினைத்தேன். நடக்கும்போது சுற்றி வந்து வலது பக்கம் சேர்ந்துகொள்வாளே, வெயிலுக்காக என்று நினைத்தேன்.

"ஏண்டி சொல்லல?"

"ரெண்டு தடவ சொன்னேன். நீ முணுமுணுக்கறேன்னு எரிஞ்சு விழுந்தீங்க. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு வந்தபோது கையைத் தூக்க வேலையே இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றார். பட்டறைச் சத்தம்தானாம். வலது காதும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லையாம்.

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். உதவிக்கு இருக்கும் பெண் எடுத்து, "டாக்டர் பேஷன்ட்டப் பாக்கறார், எதாவது சொல்லணுமா?" என்றது. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். வைத்ததும் அப்பாடா என்று இருந்தது. வெட்கக்கேடு, எழுதிவைக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும்? காது கேட்காத ஆளைத் தட்டிப் பார்க்க யார் கூப்பிடுவார்கள்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு வண்டி வெட்டுப்படும். யாருக்கும் தெரியாது. துண்டானதுக்கு அப்புறம் எவன் போய்த் தட்டிப் பார்க்கப் போகிறான்? இதையெல்லாம் நான்தான் யோசித்தேன். வேறு யாரும் இல்லை.

அந்த அண்ணனுக்கு வாய் இருந்திருந்தால் அன்றைக்கே என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பார். வாய் இல்லாதவர் என்றுதானே நானும் அவ்வளவு துணிச்சலாகப் பேசினேன்?

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

முதலில் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு காந்தம் வாங்கினேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். "உங்களுக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அங்கிருந்து நேராகப் பல் டாக்டர் அறைக்கு. பேஷன்ட்டுகளோடு வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அந்தச் சாய்வு நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். அதில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"காந்தம் துருப்பிடிச்சு இத்துப்போன தகரத்துலயும் ஒட்டுமே சார். தட்டாம எப்படித் தெரியும்?"

"தெரியாது. வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பாதீங்க. நாளைக்கு வண்டியை வெளியில தள்ளி வெச்சு மறுபடி பாக்கணும்."

ரொம்ப நேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "இந்த ஒரு வருஷத்துல இந்த மாதிரி வேற எத்தனை வண்டிக்கு எழுதிக் குடுத்தீங்க?"

இத்தனை நாள் அந்தக் கணக்கே எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன்.

பதினொன்று.

மார்ச் 12, வியாழன்

என் பழைய பட்டறையிலிருந்து நாலு பேர் வந்து வண்டியை முற்றத்துக்குத் தள்ளினார்கள். பல் டாக்டரும் வந்திருந்தார். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை, பம்பரைப் பார்த்துச் சொன்னேன். அவர் அண்ணனை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

காந்தம் இடது பக்கம் முழுக்க ஒட்டியது. ஒட்டக்கூடாதே, நான் எழுதியதே சரியாக இருக்கட்டுமே என்று மனசின் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

பிறகு வலது காதைக் கொடுத்துத் தட்டினேன். கணீர் என்றுதான் பட்டது. ஆனால் இந்தக் காதையும் எந்த லட்சணத்தில் நம்புவது? பல் டாக்டர் என் வாயைப் பார்க்கிறார். அப்போதுதான் அந்த அண்ணனைக் கவனித்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றேன். "நான் தட்டறேன். தகரமா இருந்தா தலையாட்டுங்க, இல்லன்னா நாற்காலியத் தட்டுங்க."

மட்கார்டில் ஆரம்பித்தோம். விரல் விரலாக நகர்ந்தேன். கதவு, கதவின் அடிப்பக்கம், வளைவின் ஆரம்பம். தலையாட்டிக்கொண்டே வந்தார். பின் சக்கரத்துக்கு மேலே தட்டினேன், தலையாட்டுவதை நிறுத்தினார். யோசித்தார். நாற்காலியை ஒரு தட்டு தட்டினார். காந்தத்தை அங்கே அழுத்தி வைத்தேன். கீழே விழுந்தது. உள்ளங்கை அளவுக்குப் பட்டி! முதலில் காந்தம் வைத்தபோது பதற்றத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"அடப்பாவி அண்ணா! ஒரு இடத்துலயும் இல்லேன்னு சத்தியம் பண்ணியே!" என்று அந்த அம்மா கத்தினார்.

அண்ணனுக்குப் பாதி வாயில் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது, மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

புதுசாக எழுதினேன். ‘பின் சக்கரத்தின் மேல் உள்ளங்கை அளவு பட்டி. மற்றபடி இடது பக்கம் நல்ல தகரம். தட்டியது நான். கேட்டுச் சொன்னது வண்டிக்காரர்.’ பல் டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மார்ச் 13, வெள்ளி

வண்டியை வெட்டவில்லை. முழுசாக லாரியில் ஏற்றினார்களாம். மாத்திரை டப்பாக்களையும் ஒன்று விடாமல் எடுத்துப் போனார்களாம்.

மார்ச் 30, திங்கள்

பதினொன்றில் நாலு வீடு முடிந்தது. போனில் சொல்வதில்லை, நேரில்தான். ஒருவர், பரவாயில்லை என்றார். ஒருவர் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினார். அவர் திட்டியது வலது பக்கம் நின்று. எல்லாம் நன்றாகக் கேட்டது.

ஏப்ரல் 21, செவ்வாய்

எட்டு. வேலைக்கென்று இந்த மாதம் ஒரு போன்கூட வரவில்லை. இவள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்டால் தேவலை.

மே 9, சனி

பதினொன்றாவது வீடு. இதைத்தான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். தூரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய்.

ரயிலில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மனைவியைக் காபி போடச் சொன்னார்.

"நீங்க சொன்னது ரொம்ப உதவியா இருந்துச்சு சார். சரிபண்றேன் பேர்வழின்னு நானும் என் மகனும் அதுல விழுந்திருந்தா ரெண்டு வருஷம் போயிருக்கும். நீங்க பட்டின்னு எழுதிக் குடுத்ததும் மனசத் தேத்திக்கிட்டோம். தையில வெட்டிப் போட்டாச்சு."

ஜன்னல் வழியே, வண்டி நின்றிருந்த கொட்டகை தெரிந்தது. சைக்கிள் ஒன்றும் பழைய கட்டில் ஒன்றும் கிடந்தன.

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். அவர் நிம்மதியாக இருக்கிறார், எதற்குக் கெடுப்பது என்று ஒரு நியாயமும் தயாராக இருந்தது. காபி வந்தது. சொன்னேன். அந்த வண்டி பட்டியா தகரமா என்று இனி எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன்.

காபித் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அப்புறம், "எந்தப் பக்கம் சார் பட்டின்னு எழுதினீங்க?" என்று கேட்டார்.

"இடது."

தலையாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். காபியைக் குடிக்காமல் எழுந்தால் அது இன்னும் மோசம் என்று பட்டது. முழுக்கக் குடித்துவிட்டு வந்தேன்.