ஏழாம் பக்கத்தில் இல்லாத நட்சத்திரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கிறாள். வழக்கம்போல அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், ஆனால் மின்துறைக்காரர்கள் நம் தெருக்காரர்களைக் கூப்பிட்டு வைத்த கூட்டத்தில் நடந்ததை மட்டும் நீயே எழுதுடி என்று விட்டுவிட்டாள்.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நட்சத்திரக் குறி இல்லாததுதான். போன வாரம் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு மின்துறை அலுவலகத்திலிருந்து ஒரு சிறு புத்தகம் வந்தது, இருநூறு பிரதி வேண்டுமாம். நீ இருக்கும் நாட்டையும் நம் நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டாமலே ரத்து செய்த நிலக்கரி மின்நிலையங்களின் கணக்கைப் போட்டிருந்தார்கள். உங்கள் பக்கம் 4,200 மெகாவாட், நம் பக்கம் 4,800, நாமே முதல் என்று பெரிய எழுத்தில். ஏழாம் பக்கம் கோணலாக வந்ததால் எடுத்துப் பார்த்தேன். தள்ளிவைத்த நிலையங்களுக்கெல்லாம் நட்சத்திரம் போட்டு, அவை கூட்டலில் சேராது என்று அடியில் குறித்திருந்தார்கள். நம் தெருவுக்குப் பின்னால் வருவதாக இருந்த 1,320 மெகாவாட் நிலையத்துக்கு நட்சத்திரம் இல்லை, ரத்தானதாகவே கூட்டியிருந்தார்கள்.

அது தள்ளிவைப்பில் இருக்கிறது, நிலக்கரிக் கிடங்குக்கு இடம் வேண்டும் என்று சொல்லித்தானே ஆறு வருஷமாக நம் தெருவில் யாரையும் ஒரு செங்கல்கூட வைக்க விடவில்லை. நம் பின்சுவர் இப்போது இன்னும் சாய்ந்துவிட்டது, அப்பா முட்டுக் கொடுத்த கம்பைப் பார்த்துப் பார்த்து அம்மா தூங்குவதே இல்லை. அவளிடம் சொன்னதும், எனக்கு எழுத்தும் தெரியாது எண்ணும் தெரியாது, கூட்டத்தில் நீதான் கேட்கணும் என்று சொல்லிவிட்டாள்.

கூட்டத்தில் கண்ணாடிக்கார அதிகாரி, அவங்களையே முந்திட்டோம்னு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்வீட்டுத் தையல்கார மாமா எழுந்து, அப்ப நாங்க சுவர் கட்டலாமான்னு கேட்டார். அது எப்படிங்க, உங்க நிலையம் தள்ளிவைப்புலதானே இருக்கு, ரத்து ஆகலையே என்றார் அதிகாரி. அம்மா என் விலாவில் இடித்தாள். எழுந்து பேசினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. தையல்கார மாமா, பாப்பா பேசுது, அந்த ஃபேனை நிறுத்துங்கப்பா என்று கத்தினார். ஃபேன் நின்றதும் இன்னும் பயமாகப் போய்விட்டது. என்னம்மா படிச்சிருக்கேன்னு அதிகாரி கேட்டார். எட்டாவது சார், ஆனா இந்தப் புத்தகத்தை இருநூறு தடவை பார்த்திருக்கேன் என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்தது. ரத்துன்னா எங்க தெருவை விடுங்க சார், தள்ளிவைப்புன்னா 4,800லேருந்து 1,320ஐக் கழிங்க, 3,480தான் வரும், அப்ப அவங்கதான் முதல் என்றேன்.

மேடையில் தலைமைப் பொறியாளராக ஒரு பெண்மணி இருந்தார், அவர் ஏழாம் பக்கத்தைப் புரட்டினார். அது ரத்தாகி எட்டு மாசம் ஆச்சே, நிலப் பிரிவுக்கு யாரும் சொல்லலையா என்று அதிகாரியைப் பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முதல் இடத்தை விட முடியாதுய்யா, இப்பவே எழுதிக் குடு என்று பொறியாளர் அவரிடம் சொல்லி, நம் தெருவில் கட்ட இனித் தடையில்லை என்று அங்கேயே எழுதவைத்து முத்திரையும் போடவைத்தார். தையல்கார மாமா என்னை மெகாவாட் மெகாவாட் என்றே கூப்பிடுகிறார், தெருவுக்கே அதுதான் என் பெயர்.

அம்மா இதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: எங்க நாடு எங்க நாடுன்னு போன்ல பீத்திக்கிட்டியேடா, பார்த்தியா, அறுநூறு மெகாவாட் நாங்க ஜாஸ்தி. எழுதச் சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பனியில் காதை மூடிக்கொண்டு போ, சளியோடு வேலைக்குப் போகாதே, வாரம் ஒரு தடவையாவது குரலைக் கேட்கவிடு. நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு என்று உன் தலையில் கை வைத்த மாதிரியே நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
(எழுதியது தங்கை)

கொத்தனார் வந்துவிட்டார். அப்பா முட்டுக் கம்பைப் பிடித்துக்கொள்ள, பழைய சுவரின் முதல் கல்லை நான்தான் பெயர்த்தேன்.