தாழ்ந்த வாசல்

இஞ்சாரும்,

ஒடென்சே நகரில் உம்முடைய அக்கா வீட்டில் சுகமாக இருப்பீர். உம்மைக் கேளாமல் நான் வாங்கிய இருநூறு வருடப் பழைய வீடும் சுகம். கல்வீடு வேண்டுமென்றது நீர்தானே? இது அசல் கருங்கல். சுவர் ஒரு முழத் தடிப்பு. குளிர் எட்டியும் பார்க்காது.

வாசல்தான் என் மூக்குயரம். ஐந்து தடவை நெற்றி இடிபட்டபின், நிலையை உயர்த்தித் தரச் சொல்லித் தச்சரைக் கேட்டேன்.

"பழைய வீட்டில கை வைக்கச் சட்டம் விடாது. நீங்கள்தான் குனியோணும்" என்று சிரித்தார்.

பெட்டியோடு வெளிக்கிட்ட அன்று நீர் கேட்டீர்: "ஒரு நாளைக்கெண்டாலும் தலை குனிஞ்சு, என்னில பிழையெண்டு சொல்லுவியளோ?"

குனிய வாசல் பழக்கிவிட்டது. மற்றதை நேரில் சொல்கிறேன், வாரும். நீர் நிமிர்ந்தே வரலாம், உமக்கு இடிக்காது.

இப்படிக்கு,
நெற்றி வீங்கிய உம்முடைய மனிசன்