கூடுதலாக ஒரு பட்டை

சோறு பிசைந்த கை இன்னும் டீசல் வாசம் அடிக்கிறது. சோப்பு, சீயக்காய், எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று, போகவில்லை. இதே கையோடு நீ சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பிடுங்காத குறையாகத் திட்டுவேன். இன்று ரசத்தை ஊற்றி நானே அப்படிச் சாப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மரியாதையாக "நீங்கள்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன், கவுன்சிலருக்கு மனு எழுதுவதுபோல் இருந்தது. "யோவ்" என்று கூப்பிட்டே வாழ்ந்தாயிற்று, அப்படியே இருக்கட்டும்.

சமாச்சாரம் இதுதான். நம் ஸ்டெல்லாவுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு எண்ணூரிலிருந்து நம் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வழியில் குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நல்ல காராக வாடகைக்குப் பிடிக்கிறேன் என்றார் மாப்பிள்ளை. உன் பெண் கேட்டால்தானே? "எங்கப்பா வண்டிலதான் வருவேன். அப்பாதான் இல்ல, வண்டியாவது வரட்டும்" என்று போனிலேயே அழுதாள். நான் என்ன செய்ய, சரி என்றுவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். உன் வண்டியின் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் வைத்த அந்தக் காலத்துக் கார். வாங்கும்போது சாதுவாகத்தான் இருந்தது. டிரெய்லர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? பின்சக்கரம் இரண்டுக்கும் வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைக் கட்டுக்குள், லாரிக்குச் செய்வதுபோல் கூடுதலாக ஒவ்வொரு பட்டையைச் சொருகினாய். அன்றைக்கே கேட்டேன்.

"பட்டை பாரத்துக்குத்தான்யா. மூணு பேர் போற காருக்கு இன்னாத்துக்கு?"

"கண்டெய்னர் ஓடி ஓடி பள்ளமா கீற ரோடும்மே. பட்டை பத்தலைன்னா வண்டி உக்காந்துக்கும். உனுக்கு இன்னா தெரியும்?"

பட்டை கூடியதில் வண்டி விறைத்துப்போய், ராயபுரம் பாலம் இறங்குவதற்குள் பின்சீட்டில் இருந்த என் தலை இரண்டு முறை கூரையில் இடித்தது. "நான் இன்னா அரிசி மூட்டையா?" என்று கத்தினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பழகிடும்மே." பழகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினால் இதே சண்டை, திரும்பி வந்தாலும் இதே சண்டை. ஒரு நாளாவது ஒத்துக்கொண்டாயா? அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது.

முந்தாநாள் வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கிவிட்டு, நீ சொருகியதைக் கழற்ற நானே உள்ளே போனேன். உன் தோஸ்து பஷீர் பாய் தன் இரும்புக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். முட்டி மடங்காத மனுஷர், ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். இத்தனை வருஷம் உனக்கு டார்ச் பிடித்தவள் நான். எதற்குப் பிறகு எது என்று எனக்குத் தெரியும். பட்டைக் கட்டை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்களில், உப்புக்காற்றில் துருவேறிய ஒன்று ஸ்பேனர் வைத்ததும் ஒடிந்தது. பாய் புது செட்டே கொண்டுவந்தார். "சென்டர் போல்ட்டக் கழட்டசொல்ல மூஞ்ச அங்க வெக்காத, பட்டை எகிறும்" என்று கத்துவாயே, அந்த இடம் வந்தது. பட்டைக் கட்டைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல மெல்லக் கழற்றினேன். நீ சொருகிய பட்டை இரண்டும் வெளியே வந்தன. மற்றதை டீசலில் கழுவி, கிரீஸ் தடவி, பட்டை முனையில் புது ரப்பர் புஷ் அடித்து நேற்று மாட்டினேன்.

"அப்டியே முறுக்கிடும்மா, முடிஞ்சுது" என்றார் பாய்.

நான் விடவில்லை. வண்டி அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும் என்று நீதான் சொல்வாய். வண்டியில் பாரம் இருக்க வேண்டும் என்றே என்னை ஏறி உட்காரச் சொல்வாய். இப்போது நான் கீழே இருக்கிறேன், மேலே யார்? வண்டியைத் தரையில் இறக்கி, பாயைப் பின்சீட்டில் ஏற்றி, பக்கத்தில் வீட்டு அரிசி மூட்டையையும் வைத்தேன்.

"மூட்டையோட ஜோடியா உக்கார வெச்சுட்டியேம்மா. உன் வூட்டுக்காரன் பாத்திருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பான்."

நான் கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கி முடித்தேன்.

இன்று காலையில், லாரிகள் வரிசை கட்டும் முன்னே, எண்ணூரில் ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். லைசென்ஸ் எடுக்கவைத்த புண்ணியம் உனக்கு. திருவொற்றியூர் தாண்டி ஒரு பள்ளம், பார்த்து ஒடிப்பதற்குள் சக்கரம் இறங்கிவிட்டது. ஐயோ என்று மூச்சைப் பிடித்தேன். வண்டி ஒருமுறை மெத்தென்று அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான்.

"வலிக்குதாம்மா?"

பதில் இல்லை. உயிரே போய்விட்டது எனக்கு. ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்று வாய்விட்டே கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நாம் போட்ட சண்டைகளில் முதல்முறையாக முழுசாக ஜெயித்திருக்கிறேன். இல்லை என்று மல்லுக்கு நிற்க நீ இல்லை. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். வீடு வந்து சேரும்வரை மனசுக்குள் உன்னிடம் பட்டையைப் பற்றியே வாதாடிக்கொண்டு வந்தேன். இந்தச் சண்டையை முடித்துக்கொள்வதாக இல்லை. உன்னோடு பேச எனக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.