மூன்றாம் நாற்காலியில் அண்ணன்

ஜனவரி 13, திங்கள்

கூட வேலை பார்த்த நர்ஸ் லவேனியா பிரிஸ்பேனுக்குப் பறந்துவிட்டாள். கீமோ அறைக்கு இனி நான் ஒருத்திதான். அதற்குள்ளா இப்படி வந்து வாய்க்க வேண்டும்! மூன்றாம் நாற்காலியில் ஆறடி ஆள். நிணநீர்ப் புற்றுநோய், கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. சுவா துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை. பெயர் அபகூகி. சீட்டில் ஊரைப் பார்த்தேன், என் அப்பாவின் ஊர். தகப்பன் பெயரைப் பார்த்தேன், அப்பாவின் பெரியப்பா மகன். போச்சு. எனக்கு அண்ணன் முறை.

அவருக்கும் புரிந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கூட வந்த மனைவி கெலேராவுக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம்.

"அட, நம்ம நாத்தனாரா! நல்லா குத்துங்க. எனக்கும் சேர்த்து ஒரு குத்து குத்துங்க!"

சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அண்ணனிடம் போய் சிறுநீர்ப் பேச்சா? கெலேராவிடம் சொன்னேன். அவள் திரும்பி அவரிடம் சொன்னாள். அவர் ஜன்னலுக்குத் தலையாட்டினார்.

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டாம் சுற்று. அவருக்குத் தலைமுடி முழுக்கப் போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் பித்யா அக்கா. மார்பகப் புற்றுநோய், வாயெல்லாம் புண். ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டும் பேச்சு ஓயவில்லை.

"ஏன் செய்னி, அந்த ஆளோட உனக்கு என்ன தகராறு? மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்குற?"

"தகராறு இல்லக்கா. எனக்கு அண்ணன் முறை. எங்க தீவுக்காரங்கள்ல வயசுக்கு வந்தப்புறம் அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசுறதில்ல. அதுதான் மரியாதை."

"நல்ல மரியாதை! எங்க வீட்டுல அண்ணன் பேசாம இருந்தா கரும்புக் காட்டுல பங்கு கேக்கப் போறான்னு அர்த்தம்."

சிரித்துவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த முதுகும் குலுங்கியது.

பிப்ரவரி 24, திங்கள்

தேவாலயத்துப் பெண்கள் அவருக்குப் பெரிய பூமாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். வாசலிலேயே மறித்தேன். "அண்ணி, நிஜப் பூ உள்ள வரக்கூடாதுன்னு சொல்லுங்க. அதுல இருக்கிற கிருமி இங்க இருக்கிறவங்களுக்கு ஆகாது." கெலேரா வாயைத் திறப்பதற்குள் அவரே கழற்றி வெளிக் கம்பியில் மாட்டினார். கழற்றும்போது பார்த்தேன், விரல்கள் தடுமாறின.

"ரெண்டு வாரமா சட்டைப் பொத்தானே போட முடியல. முள்ளுமுள்ளா மரத்துப் போகுதாம்" என்றாள் கெலேரா. "கேட்டா, ‘தங்கச்சிகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லு’ங்கிறார்."

இதுதான் உறுத்துகிறது. எனக்கு வந்து சேர்வதெல்லாம் கெலேரா வழியாகத்தான். அவளிடமே சொல்லாததை நான் எப்படித் தெரிந்துகொள்வது? மருந்து ஏறி ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது சாதாரணக் காய்ச்சலே ஆளைத் தூக்கிவிடும். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் மாத்திரை போடாமல் நேரே இங்கே வரவேண்டும் என்று கெலேராவிடம் சொன்னேன். அவர் கேட்டாரா இல்லையா, யாருக்குத் தெரியும்.

மார்ச் 5, புதன்

இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

இரத்தப் பரிசோதனைக்கு அண்ணன் தனியாக வந்தார். கெலேரா மாமா சாவுக்குக் கண்டாவு தீவுக்குப் போயிருக்கிறாளாம், வரவேற்பில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது, இவர் கம்பளிச் சட்டையில். இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். காய்ச்சல் பார்த்தேன். 37.2. ஒன்றுமில்லை. ஆனால் முகம்? சாம்பல் பூசியதுபோல் இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நாடி ஓடுகிற ஓட்டத்துக்கும் அந்த 37.2-க்கும் பொருந்தவே இல்லை.

மாத்திரை போட்டு வந்திருக்கிறாரா? வயிற்றுப்போக்கா? யாரை விட்டுக் கேட்பது? கெலேராவுக்குப் போன் போட்டேன், தீவில் சிக்னல் இல்லை. பித்யா அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். டாக்டர் அறுவை அரங்கில். அண்ணன் எழுந்து கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் நர்ஸா, தங்கச்சியா? நேரே கேட்டால் அவர் வாயைத் திறக்கவே மாட்டார், அவமானத்தில் அப்படியே போய்விடுவார். கேட்காமல் விட்டால் வீட்டில் செத்துப் போவார். எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ! சலைன் பாட்டில் மாட்டும் ஸ்டாண்டைத் தரதரவென்று இழுத்து அவர் வழியில் நிறுத்தினேன். அதைப் பார்த்துப் பேசினேன்.

"ஏ ஸ்டாண்டே! உன் சிநேகிதன் காலையில மாத்திரை ஏதும் போட்டாரான்னு கேளு."

அவர் நின்றார். ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கெடுத்துவிட்டேனோ?

பிறகு ஸ்டாண்டைப் பார்த்து, மெதுவாக: "ரெண்டு பனடோல், காய்ச்சல் மாத்திரை. விடியக்காலம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு."

"வயிறு எப்படின்னு கேளு."

"முந்தாநாள்லேர்ந்து தண்ணியாப் போகுது." மூச்சு வாங்கிற்று. "காய்ச்சல்னு தெரிஞ்சா அடுத்த மருந்தத் தள்ளிப் போட்ருவாங்க. வேல போயிரும். அப்புறம்... இதெல்லாம் தங்கச்சிகிட்ட எப்படிப்பா சொல்றது?"

"அவ கேக்கவே இல்லன்னு சொல்லு. நீதான் கேட்ட. இப்ப அவரப் படுக்கச் சொல்லு!"

படுத்துவிட்டார். விழுந்தார் என்றே சொல்லலாம். அரங்கிலிருந்து டாக்டரைக் கூப்பிடச் செய்தேன். ஆண்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கும்போதே பரிசோதனை முடிவு வந்தது: வெள்ளணுக்கள் இல்லை என்றே சொல்லலாம்.

மார்ச் 6

இரத்த அழுத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது. ஆண்டவரே, ஒரு அண்ணனை இப்போதுதான் கொடுத்தீர், அதற்குள் பிடுங்கிக்கொள்ளாதேயும்.

மார்ச் 8, சனி

காய்ச்சல் இறங்கியது. இரண்டு கரண்டி மரவள்ளிக் கஞ்சி.

மார்ச் 10, திங்கள்

கெலேரா கப்பலை விட்டு இறங்கி நேரே வார்டுக்கு வந்தாள். அவரைத் திட்டினாள் பாருங்கள், மற்ற நோயாளிகள் போர்வைக்குள் போய்விட்டார்கள். பிறகு வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஸ்டாண்டு கதையைச் சொன்னேன். "முப்பது வருஷம் குடும்பம் நடத்துறேன், என்கிட்ட சொல்லல, ஒரு இரும்புக்கம்பிகிட்ட சொல்லியிருக்காரே!" என்று அழுகையோடு சிரித்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

ஐந்தாம் சுற்று. கெலேரா பக்கத்தில் இருந்தும் அவர் இப்போது எல்லாவற்றையும் ஸ்டாண்டிடமே சொல்கிறார். மலச்சிக்கல்கூட.

மே 5, திங்கள்

கடைசி பாட்டில் இறங்கி முடிந்தது. ஊசியை எடுக்கும்போது இருவருமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 16, திங்கள்

ஸ்கேனில் கட்டி இல்லை. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் கெலேரா கத்திய கத்தலில் பித்யா அக்கா ஐஸை விழுங்கிவிட்டார்.

சாயங்காலம் அவர் மட்டும் கீமோ அறைக்கு வந்தார். தலையில் பூனைமுடி முளைத்திருக்கிறது. நேரே ஸ்டாண்டிடம் போனார். பையிலிருந்து ஒரு மாலையை எடுத்தார். சிவப்பும் மஞ்சளுமாய்க் கம்பளி நூல். கொக்கியில் மாட்டினார்.

"பூ இல்ல" என்றார் ஸ்டாண்டிடம். "பூ உள்ள வரக்கூடாதுல்ல. நானே கட்டினேன்."

முடிச்சுகள் எல்லாம் கோணல். சிலது இரண்டு மூன்று தடவை அவிழ்த்துக் கட்டியது. விரல் இன்னும் முழுசாய்த் தேறவில்லை. எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் இதற்கு?

"ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லு" என்றேன் ஸ்டாண்டிடம். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அறையைப் பூட்டுவதற்கு முன் மாலையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். என் கழுத்துக்குச் சரியாக இருந்தது.