சட்னியின் வாலில் சிவப்பு ரிப்பன்

மார்ச் 2, சனி

போஸி தூங்கியாச்சு. அவள் அப்பா கேலம் அதற்கும் முன்பே தூங்கியாச்சு. இருட்டோடு எழுந்து பால் கறக்கப் போகிறவனுக்கு இரவு எட்டு மணியே நடுநிசி. நான் மட்டும் சமையலறை மேசையில், நாளைய குதிரை ரைடிங் கிளப் கூட்டத்தை நினைத்து நகம் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பூட்ஸ் துடைத்தாயிற்று. சேணத்துக்கு எண்ணெய் போட்டாயிற்று. சட்னியைக் குளிப்பாட்டியாயிற்று, அவள் நேராகப் போய்ச் சேற்றில் புரண்டும் ஆயிற்று.

சட்னி என் குதிரை இல்லை, தோழி ஜசிந்தாவுடையவள். கல்கூர்லியில் சுரங்க வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "நீ பாத்துக்கோ, நீயே ஓட்டிக்கோ" என்று கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் வீட்டில் எல்லா ஜீவனுக்கும் ஜாடியில் அடைக்கிற பண்டத்தின் பெயர்தான். பூனை பிக்கிள், நாய் ஜாம்.

போஸி பிறப்பதற்கு முன் இதே சட்னியின் மேல் மேட்டுப் புல்வெளி முழுக்கப் பாய்ச்சலில் போனவள் நான். இப்போது அவள் நடையை விட்டுத் துள்ளோட்டத்துக்கு மாறினாலே எனக்கு வயிறு கலங்குகிறது. விழுந்துவிட்டால்? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் போஸிக்கு யார்? நான் மெல்பர்னில் புள்ளியியல் படித்தவள். விழுந்து சாவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். சொல்லி என்ன? வயிறு பட்டம் வாங்கவில்லையே.

மார்ச் 3, ஞாயிறு

உயிரோடு வந்து சேர்ந்தேன்.

மெரிடித்தான் எங்கள் பயிற்சியாளர். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகளை அதட்டுகிற அந்தக் குரல் ஞாயிற்றுக்கிழமையும் மாறாது. வழக்கம்போல ஒவ்வொருவருடைய சேணத்து வாரையும் கால்வைக்கும் அங்கவடியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வார் சரி. அங்கவடி சரி. ஹெல்மெட் சரி. மூஞ்சிதான் சரியில்ல. யாரும்மா செத்துட்டாங்க?"

"இன்னும் யாரும் இல்ல" என்றேன்.

வரிசையில் போகும்போது எனக்குப் பின்னால் ரியானனின் பிஷப். பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி ஒரு வெள்ளைக் குதிரை. அவன் மூச்சு சட்னியின் பின்புறத்தில் படும். அவள் காதை மடக்குவாள். நான் கடிவாளத்தை இறுக்குவேன்.

"ரியானன், தள்ளி வாயேன்டி!"

"நானா வரேன்? இவன்தான்டி என்னக் கூட்டிட்டு வரான்!"

பாய்ச்சலுக்கு மெரிடித் விசில் ஊதியபோது, வார் தளர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி ஒதுங்கிவிட்டேன்.

ஒதுங்கி நின்றபோது ஒன்று கவனித்தேன். எல்லாரும் முட்டி மோதிக்கொண்டிருக்க, ஒரு குதிரையைச் சுற்றி மட்டும் வட்டம் போட்ட மாதிரி வெற்றிடம். அதன் வாலில் சிவப்பு ரிப்பன். சிவப்பு என்றால் உதைக்கும், பின்னால் நெருங்காதே. குதிரை ஏறும் குழந்தைக்குக்கூட இங்கே தெரிந்த முதல் பாடம். பிஷப்பே அதைப் பார்த்து பிரேக் போட்டான்.

என்ன மரியாதை!

மார்ச் 17, ஞாயிறு

கட்டிவிட்டேன்.

போஸியின் பிறந்தநாள் பரிசு ஒன்றைச் சுற்றிவந்த ரிப்பன். குதிரையை ஏற்றிவரும் டிரெய்லருக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்காதபோது. திருட்டுக்கல்யாணம்கூட இத்தனை பதற்றமாக இருக்காது.

மெரிடித் வாரை இழுத்துப் பார்க்கும்போது கண்ணில் பட்டுவிட்டது. "சட்னியா? உதைக்கறாளா? எப்பலேருந்து?"

"இப்ப கொஞ்ச நாளா... மனசு சரியில்ல போல."

யார் மனசு என்று அவர் கேட்கவில்லை.

ஆஹா, அந்த இடம்! முன்னாலும் காற்று, பின்னாலும் காற்று. ரியானன் பிஷப்பைக் கடிவாளம் இறுக்கி இழுத்துக்கொண்டு எங்கோ தூரத்தில் வந்தாள். போஸி பிறந்த பிறகு முதல் முறையாகத் துள்ளோட்டத்தில் மைதானத்தைச் சுற்றி, பக்கத்து மலையில் மாடுகள் மேய்வதையெல்லாம் பார்த்தேன். சிரித்துக்கொண்டே போனதாக ரியானன் சொன்னாள்.

மார்ச் 18

குற்ற உணர்ச்சியா? இல்லை. கொஞ்சம். இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

பாய்ந்தேன்! பாய்ந்தேன்! அரை வட்டம்தான். பிடரியைப் பிடித்துக்கொண்டுதான். கண்ணை மூடிக்கொண்டுதான் என்றும் எழுதிவிடுகிறேன், இது எனக்கு நானே எழுதுவதுதானே. ஆனாலும் பாய்ச்சல் பாய்ச்சல்தான்.

வேடிக்கை பார்க்க வந்து போஸியை வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவள் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்து கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். வாயைப் பிளந்துகொண்டு நான், பின்னால் கொடி மாதிரி சட்னியின் வால், அதில் சிவப்பு. நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

நன்றாக இல்லை.

துணி உலர்த்தப் போனால் வீட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே புதிதாக மின்வேலி நாடா. கேலம் போட்டிருக்கிறான். நடக்கப் பழகிய நாளிலிருந்து போஸி காலையில் வேலிவரை தத்தித் தத்திப் போய் சட்னிக்குக் கேரட் நீட்டுவாள். இன்று தூக்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் சட்னி கனைக்கிறாள், இந்தப் பக்கம் போஸி அலறுகிறாள்.

"என்ன இது?" என்றேன், கேலம் உள்ளே வந்ததும்.

"போட்டோ பாத்தேன். உதைக்கற குதிரைன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாடு எங்களத் தினம் உதைக்குது. அதுக்கு யாரும் ரிப்பன் கட்டறதில்ல!"

"அப்ப வேலிய எடு."

சிரிப்பு நின்றது. "நீ சொல்றத நம்பறேன். ஆனா உண்மையிலேயே காத மடக்கறா, நானே பாத்தேன். மெரிடித் பாத்து நல்ல குதிரைன்னு சொல்லட்டும், எடுத்துடறேன். நம்ம பொண்ணு விஷயம் டெசா."

எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். கடைசியில் அவனுக்கும் என் பயத்தைத் தொற்றவைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, புதன்

ஜசிந்தா போனில். வணக்கம் இல்லை, எப்படி இருக்கே இல்லை.

"போட்டோல பாத்தேன். எங்க சட்னி உதைக்கறாளாடி?"

"இல்லடி, அது சும்மா..."

"சும்மா யாராவது சிவப்பு கட்டுவாங்களா?"

பயத்தைச் சொன்னேன். பிஷப்பைச் சொன்னேன். பரிசுப்பொருள் ரிப்பன் என்றுகூடச் சொன்னேன். ஜசிந்தாவின் குரல் இறங்கிவிட்டது.

"சட்னிய விட்டுக்குடுக்க மனசில்லாம சொல்றே. உதைக்கற குதிரை வெச்சிருக்கறவ எல்லாம் 'எங்க தங்கம் உதைக்கவே மாட்டா'ன்னுதான் சொல்வா. உன் வீட்ல தத்தி நடக்கற கொழந்த இருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சியோட உன்னப் பாப்பேன்? மே மாசம் எங்க மாமா டிரெய்லர் எடுத்துட்டு வருவாரு. வடக்கே அவர் பண்ணைல நிக்கட்டும். அங்க உதைச்சாலும் வாங்கிக்க ஆள் இல்ல."

"ஜசிந்தா, நா சொல்றதக் கேளு..."

"உன் நல்லதுக்குத்தான்டி."

வைத்துவிட்டாள். கோபம்கூட வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். அவளைவிடச் சீக்கிரமாகச் செய்திருப்பேன்.

பொய்யை எல்லாரும் ஒரே பார்வையில் நம்பினார்கள். உண்மையை முழுசாக நம்ப ஒருத்தரும் இல்லை. இந்தக் குதிரை போய்விட்டால் நான் இன்னொரு குதிரையில் ஏறமாட்டேன். அது எனக்குத் தெரியும். போஸி ஒருநாள் கேட்பாள், நீயும் குதிரை ஓட்டுவியாம்மா என்று. எப்பவோ ஓட்டினேன்டி என்பேன். அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகிற பேருந்தை வழியில் நிறுத்தி ஏறினேன். இடுப்பில் போஸி. மெரிடித் என்ஜினை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"அப்ப எங்கிட்டயும் பொய்."

"ஆமா. மன்னிச்சுக்குங்க."

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"அங்க யாருமே பயப்படல. எப்படிச் சொல்றது?"

மெரிடித் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாருமே பயப்படலியா? ரியானன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னாடி டிரெய்லருக்குப் பின்னால போய் வாந்தி எடுக்கறா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. என் ரிப்பனைக் கட்ட அதே டிரெய்லர் மறைவுக்குப் போயும் தெரியாது.

"நீங்க ஜசிந்தாகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"சொல்லமாட்டேன். பாக்காதத எப்படிச் சொல்றது? சிவப்பக் கட்டறது உன் இஷ்டம். அவுக்கறது என் இஷ்டம், அதான் நம்ம வழக்கம். அடுத்த கூட்டத்துல அவள நடுவுல வைப்பேன். ரெண்டு பக்கமும் குதிரை, பின்னால பிஷப், மூக்கு வால்ல இடிக்கற மாதிரி. நடை, துள்ளோட்டம், பாய்ச்சல். காலத் தூக்கலன்னா நானே போன் பண்றேன்."

"வேற யாராவது ஓட்டினா..."

"உன் குதிரைய நீதான் ஓட்டணும்."

உன் குதிரை என்றார்.

ஏப்ரல் 20, சனி

நாளைக்கு. சட்னி நன்றாகத் தூங்குவாள். அவளுக்கென்ன.

ஏப்ரல் 21, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுத வேண்டும்.

மெரிடித் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, "டெசா ரிப்பன் எதுக்குக் கட்டினான்னு அவளே சொல்வா" என்று தள்ளிவிட்டுவிட்டார். சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ரியானன்தான், "அடிப்பாவி! நா ஒரு மாசத்துக்கு மேலா இந்த பீரோவ இழுத்துப் புடிச்சு தோள்பட்டையே கழண்டு போச்சு!" என்றாள். பிறகு என் அங்கவடிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, "நானும் காலைல வாந்திதான். வா, போலாம்" என்றாள்.

நடுவில் போனோம். இடித்துக்கொண்டு. இரண்டு பக்கமும் அந்நியக் குதிரைகளின் வேர்வை என் முழங்காலில் ஒட்டியது. பின்னால் பிஷப்பின் மூச்சு. நடை முடிந்தது. துள்ளோட்டம் முடிந்தது. சட்னி காதை மடக்கினாள். நான் அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்தேன், அல்லது என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

விசில். பாய்ச்சல்.

முதல் சுற்று நினைவில்லை. இரண்டாவது சுற்றில் புல்லுக்குள்ளிருந்து இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டு எழும்பின. பிஷப் மிரண்டு நேராக வந்து சட்னியின் பின்புறத்தில் மோதினான். நிஜமாகவே மோதினான். தொம் என்று எனக்குக் கேட்டது.

எல்லாரும் நின்றோம். சட்னி வாலைத் தூக்கினாள்.

சாணம் போட்டாள். பிஷப்பின் முன்னங்கால்களின் மேல், நிதானமாக, சூடாக.

"அவ்வளவுதானா உன் கோவம்?" என்று மெரிடித் பின்னால் போய் அவள் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சட்னி திரும்பிப் பார்த்தாள். கேரட் இருக்கிறதா என்ற பார்வை. மெரிடித் ரிப்பனை அவிழ்த்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. அந்த மோதலில் நான் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இரண்டு சுற்று முழுக்க விழுவதைப் பற்றி நினைக்கவே இல்லை. சட்னி உதைக்கக் கூடாதே என்ற கவலையில் என் கவலைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

ஏப்ரல் 22, திங்கள்

கேலம் வேலியை எடுத்தான். போஸி கேரட்டோடு வரிசையில் முதல் ஆள்.

மத்தியானம் போனில் ஜசிந்தா. "மெரிடித் ரொம்ப நேரம் பேசினாங்க. பாதி நேரம் உன்னத் திட்டினாங்க, பாதி நேரம் என்னத் திட்டினாங்க. மாமாவ வரவேணாம்னு சொல்லிட்டேன்." அதோடு நிற்கவில்லை. "நா இங்கேயே இருந்துடுவேன் போலிருக்குடி. வீடு பாத்துட்டேன். அவள நீயே வெச்சுக்கோ. பேர மட்டும் மாத்திடாத."

மாத்துவேனா!

ஜூன் 2, ஞாயிறு

குளிர்காலம் வந்தாச்சு. நாள் முழுக்கத் தூறல். போஸிக்குக் கடைவாய்ப் பல் வருகிறது போலிருக்கிறது. அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள், மெரிடித்தின் விசில் உட்பட. ரியானன் புதுச் சேணம் வாங்கியிருக்கிறாள், பிஷப்புக்குப் பிடிக்கவில்லை. மேட்டுப் புல்வெளியில் கூட்டமாகப் பாய்ந்தோம். மழை முகத்தில் அடித்தது. திரும்பி வந்து ரொட்டித்துண்டில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் சுருட்டித் தின்றோம். நான் இரண்டு.

அடுத்த கூட்டத்துக்கு என்ன கேக் செய்வது என்று யோசிக்க வேண்டும். விழுந்தவர் கேக் கொண்டுவர வேண்டும் என்பது கிளப்பின் எழுதாத சட்டம். லாமிங்டன் செய்தால் வீடு முழுக்கத் தேங்காய்ப்பூ. ஆரஞ்சு கேக் போதும்.

ஆமாம், விழுந்தேன். எழுத மறந்துவிட்டேன்.

பாய்ச்சலில் அல்ல. எல்லாம் முடிந்து, சும்மா நின்றுகொண்டிருந்தபோது! தள்ளுவண்டியிலிருந்து போஸி நீட்டிய பிஸ்கட்டை வாங்கச் சேணத்திலிருந்து குனிந்தேன். அதே பிஸ்கட்டுக்கு சட்னியும் ஓர் எட்டு எடுத்து வைத்தாள். மூட்டை இறங்குகிற மாதிரி மெதுவாகச் சரிந்து, மல்லாக்கச் சேற்றில்.

ரியானன் ஓடிவந்தாள். மெரிடித் ஓடிவந்தார். "அசையாத! எங்க வலிக்குது?" என்று ஆளுக்கொரு கேள்வி. நான் அவர்கள் கால்களுக்கு நடுவே தள்ளுவண்டியைத் தேடினேன்.

போஸி என்னைப் பார்த்தாள். சேற்றைப் பார்த்தாள். இரண்டு கையையும் தட்டினாள்.

"மறுபடி!" என்றாள்.