சிவப்புப் பட்டு அரைஞாண்

கடல் தாண்டிப் பத்தாவியாவில் இருக்கும் என் மகன் சடையனுக்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து உன் அம்மா குப்பம்மா சொல்ல எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் பெண்டாட்டி பச்சையம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ சுகமாயிருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை.

ஏரியில் இந்த வருஷம் இறால் பரவாயில்லை, நைனாவுக்குத்தான் முட்டி வலி, சொன்னால் கேட்கிற ஆளா அவர். நான் இன்னமும் கோட்டையில் இருக்கும் ஒல்லாந்துத் துரைசானிகளுக்குப் பட்டுக்கயிறு முறுக்கிக் கொடுக்கிறேன். கழுத்திலும் கையிலும் வலை போலப் பின்னல், அதன் விளிம்புக்கு என் கயிறு, நுனிக்குக் குஞ்சம். இந்த வேர்வையில் அதை மாட்டிக்கொண்டு எப்படித்தான் மூச்சு விடுகிறார்களோ மகராசிகள். அதில் மிஞ்சிய சிவப்புப் பட்டில்தானே நீ கப்பலேறின அன்று உனக்கு அரைஞாண் முறுக்கிக் கட்டினேன். போன மாதம், உன்னோடு கப்பலேறிப் போய் அங்கே வேறிடத்தில் வேலைக்கு நின்ற துளசிங்கம் திரும்பி வந்தான், கையில் ஒரு சிவப்பு அரைஞாண். அங்கே காய்ச்சலில் செத்த நம்ம பக்கத்து ஆள் ஒருவன் இடுப்பில் இருந்தது என்று கொடுத்தார்களாம், புதைத்த பிறகுதான் இவன் போனானாம், முகத்தைப் பார்க்கவில்லையாம். ஊர் கூடிவிட்டது. பச்சையம்மா தாலியை அறுத்துவிட வேண்டும் என்று பேச்சு. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டைக்குக் கயிறு முறுக்குகிறவர்கள் இங்கே பத்துப் பேர், பட்டும் ஒரே பட்டு, அதனால் "உன் கைவேலை உனக்குத் தெரியும், நீயே பார்த்துச் சொல்லு"ன்னு என்னிடம் நீட்டினார்கள். நான் தடவிப் பார்த்து, "இது என் கைமுறுக்கு இல்ல, என் புள்ள இருக்கான்"னு சொன்னேன். கூட்டம் கலைந்தது. அவள் அன்று சாயங்காலம்தான் சோறு தின்றாள்.

சடையா, நம்மூரார் காதில் விழக்கூடாது என்றுதான் திருப்பாலைவனம் வரை நடந்து வந்து, இங்கே ஓலை எழுதிக் கொடுக்கிற தருமலிங்கத்திடம் சத்தியம் வாங்கிக்கொண்டு இந்த ஓலையை எழுதச் சொல்கிறேன். நைனாவுக்கும் தெரியாது. அது என் கயிறுதானப்பா. பட்டு போதாமல் நடுவில் ஒட்டுப் போட்ட இடம் கட்டைவிரலில் தட்டியது. தட்டின பிறகுதான் பொய் சொன்னேன். நீ அதைப் பசிக்கு விற்றாயோ, எவனுக்காவது இரக்கப்பட்டுக் கட்டிவிட்டாயோ, சூதாடித் தோற்றாயோ, எதுவானாலும் நான் ஏசமாட்டேன். என்ன கஷ்டம் வந்தாலும் இதை இடுப்பை விட்டு இறக்காதே என்று சொல்லித்தான் கட்டினேன். அந்தச் சொல்லை நீ மீறியிருக்க வேண்டும் என்றுதான் இப்போது தினமும் கங்கையம்மனிடம் அழுகிறேன்.

நூறு வயசு இரு. ஈரத்துணியோடு படுக்காதே. பதில் ஓலையை வருகிற கப்பலிலேயே அனுப்பு, பச்சையம்மா பெயருக்கு அனுப்பு.

உன்னைப் பெற்றவள்,
குப்பம்மா கைக்கீறல்