மணல் வண்டியின் கிளட்ச்

11 பிப்ரவரி 1986, செவ்வாய்

மைத்துனன் காசிம் சவூதியிலிருந்து கொண்டுவந்த, பாலைவனத்தில் ஓட்டும் மூன்று சக்கர மணல் வண்டி இன்று ஒருவழியாக எங்கள் பேட்டை ஆண்டாப் ஹில் மேடு ஏறிவிட்டது. நாளை அதை வாங்க ஆள் வருகிறார். நான்கு நாளாக என்ஜின் அலறியதே தவிர வண்டி நகரவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டதென்று அடித்துச் சொல்லி, இரண்டு முறை பிரித்தேன். தட்டு புதிதுபோல் இருந்தது.

வண்டி என்னிடம் சர்வீஸுக்கு வந்த அன்றே, ஆட்டோ ரிக்‌ஷா பழுதுபார்க்கும் பழக்கத்தில், கண்ணில் பட்ட திருகுகளையெல்லாம் இறுக்கியிருந்தேன். அதில் ஒன்று கிளட்சை அளவு வைக்கும் திருகு; அதை அதிகம் இறுக்கினால் கிளட்ச் பிடிக்காது. இன்று அதைக் கொஞ்சம் தளர்த்தினேன், கிளட்ச் பிடித்துக்கொண்டது.

"எல்லாம் ஒங்க கைராசி, மச்சான்!" என்று காசிம் என் கையைப் பிடித்துக்கொண்டான். இறுக்கியதும் இதே கைதான் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.